சொன்ன கணக்கைச் சோதிப்பது எப்படி? முடிவுக்குப் பணம் தரும் மருத்துவத் திட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

ருவாண்டாவின் சுகாதார நிலையங்களுக்கு 2006-இல் அரசு ஒரு விலைப்பட்டியல் கொடுத்தது. நிலையத்தில் நடக்கும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் 4.59 டாலர். காய்ச்சல், இருமல் என்று வரும் ஒருவரைப் பார்த்து அனுப்பினால் 0.18 டாலர். கர்ப்பிணி முதல் பரிசோதனைக்கு வந்தால் 0.09 டாலர், நான்கு பரிசோதனைகளையும் முடித்தால் 0.37. பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை விலையால் பெருக்கி, அதைத் தரத்துக்கான மதிப்பெண்ணால் இன்னொரு முறை பெருக்கினால், நிலையத்துக்குச் சேர வேண்டிய தொகை கிடைக்கும். மேலிடம் கேட்கிறதே என்று நிரப்பிவந்த நோட்டுக்கு அன்றிலிருந்து பண மதிப்பு வந்துவிட்டது.

திட்டம் பலன் தந்ததா என்று 166 நிலையங்களை வைத்து ஆராய்ந்த கட்டுரை 2011-இல் லான்செட் இதழில் வந்தது. நிலையப் பிரசவங்கள் 23 சதவீதம் கூடியிருந்தன. நான்கு பரிசோதனைகளையும் முடித்த கர்ப்பிணிகளின் விகிதத்தில் மாற்றமே இல்லை. விலை அதிகமாக இருந்த இடத்தில் வேலையும் அதிகமாக நடந்தது என்று இதைப் படிக்கலாம். இந்த 23 சதவீதத்தை நான் நம்புவதற்குக் காரணம், அது நிலையத்தின் நோட்டிலிருந்து வந்த எண் அல்ல. ஆய்வாளர்கள் வீடுகளுக்குப் போய்க் கேட்டு எடுத்தது. நோட்டில் இருந்த எண்ணை மட்டும் காட்டியிருந்தால், கூடியது பிரசவமா எழுத்தா என்று யாரும் கேட்டிருப்பார்கள்.

புருண்டி, ஜிம்பாப்வே, பெனின், புர்கினா ஃபாசோ, ஜாம்பியா என்று ஆப்பிரிக்காவில் இந்த முறை பரவியபோது அந்தக் கேள்வியும் கூடவே போனது. சரிபார்ப்பு வேண்டுமா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதை, யார், எவ்வளவு என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. திட்டம் வகுப்பவர்கள் பெரும்பாலும் ‘யார்’ என்பதில் தொடங்கிவிடுகிறார்கள்: ஒரு நிறுவனத்தை அமர்த்தலாமா, துறை ஆட்களையே அனுப்பலாமா என்று. அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. எந்தத் தவறைப் பிடிக்கப் பார்க்கிறோம் என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டால் மற்றவற்றுக்குப் பாதி விடை தானே கிடைத்துவிடும்.

தவறுகளின் குடும்பம்

பதிவேட்டில் 46 பேர் இருக்க, அறிக்கையில் 64 என்று போவது ஒரு வகை. களைப்பு, அவசரம், இரவுப் பணி. இதில் சூழ்ச்சி தேட வேண்டியதில்லை. இன்னொரு வகை வரையறையை நீட்டுவது. வரும் வழியிலேயே பிறந்துவிட்ட குழந்தையை நிலையப் பிரசவமாக எழுதுவது, ஏற்கெனவே கருத்தடை ஊசி போட்டுக்கொள்பவரைப் புதியவராகக் காட்டுவது. மூன்றாவது, ஆளே இல்லாமல் பெயர் எழுதுவது. நான்காவதைத்தான் பிடிப்பது கடினம்: ஆள் வந்தார், பெயரும் உண்மை, ஆனால் ரத்த அழுத்தம் பார்க்காமலே 120/80 என்று பத்தி நிரப்பப்பட்டது.

இவற்றுக்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. திட்ட ஆவணங்களில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. வேலை நடந்திருக்கும், ஆனால் வயதுப் பத்தி காலியாக இருக்கும். சரிபார்ப்பவர் விதிப்படி அந்த வரியைத் தள்ளிவிடுவார். நேர்மையாக உழைத்த செவிலியர் பணத்தை இழப்பார். அடுத்த மாதம் அவர் நோயாளியிடம் பேசும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு பத்திகளை நிரப்புவார். சரிபார்ப்பு கடுமையாக இருப்பதால் வரும் இந்த இழப்பு எந்தத் தணிக்கை அறிக்கையிலும் தென்படாது.

பதிவேட்டை எண்ணுவது

நிலையத்துக்குப் போய், நோட்டைத் திறந்து, வரி வரியாக எண்ணி, அறிக்கையோடு ஒப்பிடுவது. ருவாண்டாவிலும் புருண்டியிலும் ஜிம்பாப்வேயிலும் அடித்தளம் இதுதான். செலவு குறைவு. கூட்டல் பிழை தப்பாது. பத்திகள் ஒழுங்காக வகுக்கப்பட்டிருந்தால் வரையறை நீட்டலும் ஓரளவு அகப்படும். இல்லாத ஆளின் பெயர் அகப்படாது. நோட்டில் எழுதியவரும் அறிக்கை அனுப்பியவரும் ஒருவரே என்றால் இரண்டும் பொருந்திப்போவதில் வியப்பென்ன?

இந்த முறையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலக அளவில் ஒரு பாடம் இருக்கிறது. 2000-இல் பிறந்த தடுப்பூசிக் கூட்டணியான ‘கேவி’, ஏழை நாடுகளுக்கு ஒரு சலுகை அறிவித்தது: தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் மூன்றுக்குமான முத்தடுப்பூசியின் மூன்றாம் தவணை வரை போட்ட குழந்தைகள் முன்பைவிட எத்தனை பேர் கூடுகிறார்களோ, அத்தனை பேருக்கும் தலைக்கு 20 டாலர். நாடுகள் சொல்வதை அப்படியே ஏற்கவில்லை. தரவுத் தணிக்கை ஒன்றை வைத்தார்கள். தணிக்கையாளர்கள் மாதிரி நிலையங்களுக்குப் போய் நோட்டை மறுபடி எண்ணுவார்கள். எண்ணியது, அறிவித்ததில் 80 சதவீதமாவது இருந்தால் தேர்ச்சி. கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது.

2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரசுகள் சொன்ன எண்களை வீட்டுக் கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டு லான்செட்டில் எழுதினார்கள். இந்தச் சலுகையைப் பெற்ற நாடுகள் கூடுதலாகத் தடுப்பூசி போட்டதாக அறிவித்த குழந்தைகள் 1 கோடியே 39 லட்சம். கணக்கெடுப்புகளின்படி 74 லட்சம். தலைக்கு 20 டாலர் வீதம் சேர வேண்டியது சுமார் 15 கோடி டாலர். கொடுத்தது 29 கோடி. இடைவெளி முழுவதும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. தொடக்க ஆண்டின் எண் குறைவாகப் பதிவாகியிருந்தாலும், முன்பு அறிக்கை அனுப்பாத மாவட்டம் புதிதாக அனுப்பத் தொடங்கினாலும் இப்படி ஆகும். ஆனால் நோட்டை நோட்டோடு ஒப்பிடும் தணிக்கைக்கு இவற்றில் எதுவுமே கண்ணில் படாது.

பதிவேட்டு எண்ணிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு தடத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அதே பேனா தொட்டிராத தடமாக அது இருக்க வேண்டும். பிரசவத்துக்கு அது எளிது: வலி நேரத்தில் நிரப்பும் விளக்கப்படம், பிறந்த குழந்தைக்குப் போட்ட பி.சி.ஜி. ஊசி, செலவான கையுறை, தொப்புள் கவ்வி. மலேரியாவுக்கு ஆய்வகப் பதிவேடும் மருந்து இருப்பும் போதும். 300 பேருக்கு மாத்திரை கொடுத்ததாக எழுதிவிட்டு இருப்பில் 50 பேருக்கான அட்டைகளே குறைந்திருந்தால் மேலே பேச வேண்டியதில்லை. குடும்பநல ஆலோசனைக்கோ ஊட்டச்சத்து அறிவுரைக்கோ இப்படித் தடம் கிடையாது. தடமில்லாத சேவைக்கு அதிக விலை வைத்துவிட்டு அதற்கொரு சரிபார்ப்பு முறையைத் தேடுவதைவிட, விலையைக் குறைத்துவிடுவது நல்லது.

வீடு தேடிப் போவது

இல்லாத நோயாளியைப் பிடிக்க ஒரே நேர்வழி, பட்டியலிலிருந்து சில பெயர்களைக் குலுக்கி எடுத்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது. இப்படி ஒருவர் இருக்கிறாரா, அன்று நிலையத்துக்குப் போனாரா, எப்படி நடத்தினார்கள், எவ்வளவு காசு வாங்கினார்கள் என்று கேட்பது. 2010 ஏப்ரலில் இந்த நிதிமுறையை நாடு முழுவதும் கொண்டுவந்த புருண்டி, இந்த வேலையை உள்ளூர்ச் சங்கங்களிடம் கொடுத்தது. மொழி தெரியும், வழி தெரியும், கூலியும் குறைவு.

எத்தனை வீடு? இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது பலன் தரும். ஒரு நிலையத்தின் பட்டியலில் பத்தில் ஒன்று போலி என்றால், 30 பெயர்களை எடுத்தால் ஒன்றாவது அகப்பட 96 சதவீத வாய்ப்பு. போலி ஐம்பதில் ஒன்று என்றால் அதே 30 பெயர்களில் ஒன்று அகப்படும் வாய்ப்பு 45 சதவீதம்தான். அதாவது 30 பேரைத் தேடி எல்லோரும் கிடைத்துவிட்டால், போலி அநேகமாகப் பத்து சதவீதத்துக்குமேல் இருக்காது என்று மட்டும் சொல்லலாம். சுத்தம் என்று சான்றிதழ் கொடுக்க முடியாது. பெருந்திருட்டைப் பிடிக்க 30 போதும். சில்லறைத் திருட்டைப் பிடிக்க நூற்றுக்கணக்கில் வேண்டும். அந்த அளவுக்குப் போவது எந்த நிலையத்திலும் கட்டுப்படியாகாது.

புர்கினா ஃபாசோவில் 2014-இல் தொடங்கிய திட்டத்தைப் பின்தொடர்ந்த மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த வீடு தேடும் வேலை களத்தில் எப்படிச் சிதைகிறது என்பதை 2017-இல் எழுதினார்கள். நோட்டில் இருந்த விவரத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வயலுக்கோ சுரங்கத்துக்கோ வேறு ஊருக்கோ போயிருந்தார்கள். அலைந்து சலித்த சரிபார்ப்பாளர்களில் சிலர் மர நிழலில் உட்கார்ந்து படிவத்தைத் தாங்களே நிரப்பினார்கள் என்றுதான் நான் கற்பனை செய்துகொள்கிறேன். ஆய்வு சொல்வது, தரவைப் போலியாக உருவாக்கினார்கள் என்பது. நோயாளியின் இரகசியம் வெளியே போகும் கவலையும் எழுந்தது. தன் ஊர்க்காரர் ஒருவர் வாசலில் நின்று, நீ இன்ன நாளில் நிலையத்துக்குப் போனாயா என்று கேட்பது ஒரு பெண்ணுக்கு எத்தகைய நெருக்கடி என்பதை நாம் எந்த ஆய்வையும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கருத்தடை, எச்.ஐ.வி., பால்வினை நோய், கருக்கலைப்புக்குப் பிந்தைய சிகிச்சை ஆகிய பெயர்களை வீடு தேடும் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அவற்றுக்கு மருந்து இருப்பைப் பார்த்தால் போதும். துல்லியம் குறைந்தாலும் பரவாயில்லை.

இந்த வழியை எடுப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். ‘கிடைக்கவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் வேறு. படிவத்தில் தனித்தனிக் கட்டம் வேண்டும். தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத ஊரில், ஒரே பெயரில் ஏழு பேர் இருக்கும் ஊரில், கிடைக்காத ஒவ்வொருவரையும் போலியாக்கி நிலையத்தின் பணத்தை வெட்டுவது அநியாயம். அடுத்து, சரிபார்ப்பவருக்குக் கூலியைக் கண்டுபிடித்த தலைக்கு இவ்வளவு என்று வைத்தால், அவரும் முடிவுக்குப் பணம் வாங்குபவராகிவிடுகிறார். அவரைச் சரிபார்க்க இன்னொருவரை வைக்க வேண்டிவரும். நாள் கூலியே நல்லது.

தொலைபேசியில் கேட்டுவிடலாமே என்பார்கள். கேட்கலாம், நகரத்தில். கிராமத்தில் அந்த எண் பெரும்பாலும் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். மேலே சொன்ன இரகசியச் சிக்கல் அங்கே இரட்டிப்பாகிறது.

கணக்கெடுப்பு நடத்துவது

நிலையத்தின் நோட்டையே தொடாமல், மக்களிடம் நேரே கேட்டு எடுப்பது. கேவி விஷயத்தில் உண்மையை வெளிக்கொண்டுவந்தது இதுதான். ஆனால் பணம் பட்டுவாடா செய்யும் கருவியாக இதை வைத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு மாவட்டத்தில் 300 தாய்மாரைக் கேட்டால் வரும் விடையில் இரு பக்கமும் சுமார் 6 புள்ளி தடுமாற்றம் இருக்கும். கிராமம் கிராமமாகக் கொத்தாக எடுத்தால் இன்னும் கூடும். நான்கு புள்ளி உயர்ந்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் போட்டால் அது குலுக்கல் பரிசு மாதிரிதான். ஹைட்டியில் 1999-இல் மூன்று தொண்டு நிறுவனங்களோடு தொடங்கிய ஒப்பந்தத்தில் வெளி நிறுவனம் ஒன்று கணக்கெடுப்பு நடத்தி முடிவை உறுதிசெய்தது. ஒப்பந்தக்காரர்கள் சிலரே, ஒவ்வொருவர் பொறுப்பிலும் பெரும் மக்கள்தொகை என்றால் இது பொருந்தும். 400 சிறு நிலையங்கள் உள்ள திட்டத்துக்கு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மொத்த முறைமையும் உண்மை பேசுகிறதா என்று பார்க்கப் பயன்படும், அவ்வளவுதான்.

யார் போவது?

மாவட்டச் சுகாதார அலுவலர்களே போனால் செலவு குறையும், கற்றது துறைக்குள்ளேயே தங்கும், நன்கொடையாளர் போன பிறகும் வேலை நிற்காது. குறை என்ன என்பதை நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டாம்; வேலிக்கு ஓணான் சாட்சி. மாவட்டத்தின் எண் உயர்ந்தால் மாவட்ட அதிகாரிக்கும் நல்ல பெயர்.

வெளி நிறுவனம் வந்தால் அந்தச் சிக்கல் குறையும், செலவு ஏறும். ஜிம்பாப்வேயில் 2011 ஜூலையில் மரொந்தேரா, ஸ்விஷவானே ஆகிய இரண்டு மாவட்டங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டு 18 மாவட்டங்களாக விரிந்த திட்டத்தில் இந்தப் பொறுப்பு நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்டெய்ட் நிறுவனத்திடம் இருந்தது. பெனினிலும் வெளி ஆட்கள்தான். பெனின் அனுபவத்தை ஆராய்ந்து 2017-இல் வந்த கட்டுரை, சரிபார்ப்பு நேரத்தையும் பணத்தையும் ஏராளமாக விழுங்கியதைச் சொல்கிறது. வெளி ஆளும் ஒரே நிலையத்துக்கு ஆண்டுக்கணக்கில் போய்வந்தால் வெளி ஆளாக இருப்பதில்லை என்பதை நானும் சேர்த்துக்கொள்கிறேன். மதியச் சாப்பாடு எங்கே என்பதைக் கேட்டாலே சரிபார்ப்பின் சுதந்திரம் பாதி தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது புருண்டி வகுத்த அடுக்கு. வழக்கமான மாதாந்தர எண்ணிக்கைக்கு மாகாணக் குழு. வீடு தேட உள்ளூர்ச் சங்கம். இந்த இருவரும் சொன்னது சரியா என்று சில இடங்களை மட்டும் எடுத்து மறுபடி பார்க்க ஒரு வெளி அமைப்பு. மூன்றாமவர் போகும் இடங்கள் குறைவு என்பதால் செலவு கட்டுக்குள் இருக்கும். யாருடைய கணக்கை எப்போது திறப்பார் என்று தெரியாததால் முதல் இருவரும் கவனமாக இருப்பார்கள். பல திட்டங்களில் நிதி இறுகும்போது முதலில் வெட்டப்படுவது இந்த மூன்றாம் அடுக்குதான். வெட்டத் தகாததும் அதுவே. துறை ஆட்களை வழக்கமான வேலைக்கு அமர்த்தத் துணிவு தருவது அது ஒன்றே.

எவ்வளவு பார்ப்பது?

எல்லா நிலையத்தையும், எல்லாச் சேவையையும், எல்லா மாதமும் பார்ப்பது தொடக்கத்தில் சரி. பதிவேடு எப்படி எழுத வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதே அப்போது பாதி வேலை. ஆண்டுகள் கடந்தும் அப்படியே நீடித்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

ருவாண்டாவின் விலைகளையே வைத்துப் பாருங்கள். ஒரு நிலையம் 1,000 சாதாரண நோயாளிகளைக் காட்டினால் 180 டாலர். 40 பிரசவங்களைக் காட்டினால் 183 டாலர் 60 சென்ட். பணம் ஏறக்குறைய ஒன்று. 40 பிரசவங்களை வரி வரியாக, இரண்டாம் தடத்தோடு சேர்த்து, ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். ஆயிரம் வரியைப் பார்க்க நாள்கணக்காகும். ஆகவே பிரசவத்தை முழுமையாகப் பார்த்துவிட்டு, மற்றதில் இரண்டு வாரத்தை மட்டும் குலுக்கி எடுத்து எண்ணி, வரும் வேறுபாட்டு விகிதத்தை மொத்தத்துக்கும் பொருத்திவிடலாம். எல்லாச் சேவைக்கும் சமமாக நேரம் ஒதுக்கும் படிவங்களைப் பார்க்கும்போது, வடிவமைத்தவர் விலைப்பட்டியலைத் திறந்தே பார்க்கவில்லையோ என்று தோன்றும்.

நிலையங்களுக்குள்ளும் இதே பார்வை வேண்டும். ஜிம்பாப்வே சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, சொன்னதும் இருந்ததும் எவ்வளவு வேறுபட்டன என்பதை வைத்து நிலையங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தது. நம்பகமானவர்களை அடிக்கடி தொந்தரவு செய்ய வேண்டாம். சிவப்பில் இருப்பவர்களுக்கு அதிக வருகை. வேறுபாடு பெரும்பாலும் சில நிலையங்களிலேயே குவிந்திருக்கும் என்பதால் இது செலவைக் குறைத்தும் பிடிப்பைத் தளர்த்தாது. ஜாம்பியாவின் 140 நிலையங்களின் பழைய தரவை வைத்து 2019-இல் வந்த ஆய்வொன்று, எந்த நிலையத்துக்குப் போவது என்று தேர்ந்தெடுக்க வெறும் குலுக்கலைவிடக் கணினி கற்றல் முறைகள் திறமையானவை என்று காட்டியது. சுவையான முடிவுதான். ஆனால் அந்தக் கணினிக்குப் பாடம் சொல்லித்தர, சில காலமாவது எல்லோரையும் சரிபார்த்த தரவு கையில் இருக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே அதை வாங்கிவந்து வைப்பதில் பயனில்லை.

பச்சையில் இருப்பவர் பச்சையிலேயே இருப்பார் என்று யார் சொன்னது? எந்தப் பிரிவில் இருந்தாலும் குலுக்கலில் பெயர் வரும் வாய்ப்பு எல்லோருக்கும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

எவ்வளவு பார்ப்பது என்பதோடு பிணைந்தது தண்டனை. நான்கில் ஒரு முறைதான் அகப்படுவோம் என்று தெரிந்த ஒருவருக்கு, அகப்பட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடு என்பது தண்டனையே அல்ல. மூன்று முறை இலாபம், ஒரு முறை கைக்குக் கை. கணக்குக் கட்டுப்படியாகாமல் போக வேண்டும் என்றால், திருப்பித் தருவதற்கு மேலே, பொய்யாக வாங்கியதைப் போல மூன்று மடங்குக்குமேல் அபராதம் வேண்டும். பத்தில் ஒரு முறைதான் போவீர்கள் என்றால் ஒன்பது மடங்கு. இரண்டு செவிலியர்கள் இருக்கும் ஒரு குக்கிராம நிலையத்தின் மேல் ஒன்பது மடங்கு அபராதம் போட எந்த அமைச்சகத்துக்கும் மனம் வராது; போட்டால் மருந்து வாங்கவும் காசு இருக்காது. அதனால் அடிக்கடி போய் லேசாக அடிப்பதா, எப்போதாவது போய்ப் பலமாக அடிப்பதா என்றால், ஏழை நாட்டுக் கிராம நிலையங்களுக்கு முதலாவதுதான். பெரிய மருத்துவமனைக்கும் மாநில அரசுக்கும் இரண்டாவது. கூட்டல் பிழைக்கும் போலிப் பெயருக்கும் ஒரே அபராதம் போடுவது மட்டும் எங்குமே கூடாது.

கணினி பார்த்துக்கொள்ளும் என்றால்

மாகாண அரசுகளுக்குப் பணம் கொடுத்த அர்ஜென்டினாவின் ‘பிளான் நாசேர்’ திட்டம் (2004) கணினி ஒப்பீட்டை நன்றாகப் பயன்படுத்தியது. காப்பீடு இல்லாத தாய், சேய்களைச் சேர்ப்பதற்கு 60 சதவீதம், பத்துச் சுகாதாரக் குறியீடுகளை எட்டுவதற்கு 40 சதவீதம். சேர்த்த பெயர்களை, வேலை வழியாகக் காப்பீடு உள்ளவர்களின் பட்டியலோடு இயந்திரமே ஒப்பிட்டுத் தகுதியில்லாதவர்களை நீக்கிவிடும். வெளித் தணிக்கையாளர் தவறு கண்டால் அடுத்த தவணையில் கழிப்பு, அதன்மேல் அபராதம். இரண்டு பட்டியல்களும் வெவ்வேறு கைகளில் பிறந்தவை என்பதே இங்கே பலம்.

பிரிட்டனில் 2004-இல் குடும்ப மருத்துவர்களுக்கு வந்த தர ஊக்கத்தொகையில் தரவை மருத்துவரின் கணினியிலிருந்து நேரே எடுத்தார்கள். கூட்டல் பிழைக்கு இடமே இல்லை. ஆனால் பொருந்தாத நோயாளிகளைக் கணக்கிலிருந்து விலக்க மருத்துவருக்கு அனுமதி இருந்தது. முதல் ஆண்டில் சுமார் ஒரு சதவீதக் குடும்ப மருத்துவ நிலையங்கள் 15 சதவீதத்துக்குமேல் நோயாளிகளை விலக்கியிருந்தன. எண்ணைத் திருத்த முடியாதபோது எண்ணப்படுபவர்களைத் திருத்துவது மனித இயல்பு.

நம் நாட்டிலும் 2023-இல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் தரவில் 7,49,820 பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண்ணோடு பதிவாகியிருப்பதைக் காட்டியது. அந்த எண்ணை வைத்து யாரையும் அடையாளம் காண்பதில்லை என்று அரசு விளக்கியது. இருக்கலாம். நாளை யாராவது அந்த எண்களை அழைத்துச் சிகிச்சையை உறுதிசெய்ய நினைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

தரத்துக்கான மதிப்பெண்

ருவாண்டாவின் சூத்திரத்துக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். எண்ணிக்கை மடங்கு விலை, மடங்கு தர மதிப்பெண். ஒரு நிலையத்தின் மதிப்பெண் 0.6-இலிருந்து 0.9 ஆனால், ஒரு நோயாளிகூடக் கூடாமல் அதன் வருமானம் ஒன்றரை மடங்காகிறது. பதிவேட்டில் இருப்பதோடு இன்னும் ஐம்பது சதவீதம் போலிப் பெயர் சேர்த்து எழுதினால்தான் அந்தப் பணம் வரும். அது சட்டென்று வெளிப்படும். மதிப்பெண்ணை உயர்த்தவோ, மாவட்ட மருத்துவமனையிலிருந்து வரும் மேற்பார்வையாளரின் நல்லெண்ணம் போதும். பெரும்பணம் அசையும் இந்த இடத்தில்தான் மறுசரிபார்ப்பு மெலிந்திருக்கிறது. பெயர்களைத் தேடி ஊர் ஊராக அலையும் திட்டம், மதிப்பெண்ணை ஒரே ஆளின் கையெழுத்தில் ஏற்றுக்கொள்கிறது.

சோப்பு இருக்கிறதா, குளிர்பெட்டியின் வெப்பநிலை குறிக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றை இன்னொருவர் அடுத்த வாரம் வந்து பார்த்தாலும் அதே விடை வர வேண்டும். வராவிட்டால் கேள்வி கேட்கலாம். சிகிச்சை முறையைச் சோதிக்க, கற்பனை நோயாளி ஒருவரைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று செவிலியரைக் கேட்பது, வெளியே வரும் நோயாளியிடம் ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று கேட்பது ஆகிய இரண்டும் மலிவானவை. இரண்டாவதை நான் அதிகம் நம்புவேன். செவிலியருக்குத் தெரிந்திருப்பது வேறு, செய்வது வேறு.

இனி, தேர்வு

புதிய திட்டம், நிலையங்கள் சில நூறு, பதிவேடுகள் தாறுமாறு என்றால்: எல்லா நிலையத்திலும் மாதந்தோறும் நோட்டை எண்ணுங்கள், துறை ஆட்களைக் கொண்டே. இரண்டாம் தடம் உள்ள சேவைகளுக்கு மட்டும் நல்ல விலை வையுங்கள். வீடு தேடல் நிலையத்துக்கு 30 பெயர், ஆண்டுக்கு இரண்டு முறை. வெளி ஆளுக்கு மறுசரிபார்ப்பு மட்டும். சரிபார்ப்பு முடியும்வரை பணத்தை நிறுத்திவைக்க வேண்டாம். உழைத்து ஆறு மாதம் கழித்து வரும் ஊக்கத்தொகை யாரையும் ஊக்குவிக்காது. பெரும்பகுதியை உடனே கொடுத்துவிட்டு, வேறுபாட்டை அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளலாம்.

மூன்று, நான்கு ஆண்டு ஓடிய திட்டம் என்றால் கையில் வேறுபாட்டு வரலாறு இருக்கும். அதை வைத்து வண்ணம் பிரியுங்கள்; மிச்சமாகும் பணத்தைத் தர மதிப்பெண்ணின் மறுசரிபார்ப்புக்குத் திருப்புங்கள்.

சில நிறுவனங்களுக்கோ ஓர் அரசுக்கோ மொத்தமாகப் பெருந்தொகை போகிறது என்றால் கதை மாறும். தமிழ்நாட்டுக்கு 2019-இல் உலக வங்கி சுகாதாரச் சீரமைப்புக்காகக் கொடுத்த 28 கோடியே 70 லட்சம் டாலர் கடன் அந்த வகை: குறிப்பிட்ட குறியீடுகளை எட்டியது உறுதியான பிறகே தவணை. இங்கே போலிப் பெயரைப் பற்றிய அச்சம் சிறிது. வரையறையைப் பற்றியதுதான் பெரிது. இத்தனை மருத்துவமனைகள் தரச்சான்று பெற வேண்டும் என்று எழுதினால், சான்று எந்தத் தேதியில், எந்த அமைப்பால், காலாவதியானால் என்ன கணக்கு என்பதெல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். களத்துக்கு ஆள் அனுப்பும் செலவைவிட, அந்தப் பத்தியை எழுதும் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணம் இங்கே அதிகம் சாதிக்கும்.

எந்த வழியை எடுத்தாலும் முதல் ஆண்டின் முடிவில், நிலையங்களின் வேறுபாட்டு விகிதத்தைச் சரிபார்த்தவரின் பெயர்வாரியாக அடுக்கிப் பாருங்கள். எல்லா நிலையத்திலும் சுழியம் கண்டவர் ஒருவராவது பட்டியலில் இருப்பார். அவருடைய வாகன ஓட்டப் பதிவேட்டையும் எரிபொருள் ரசீதையும் வாங்கி, தேதிகளை வைத்து ஒப்பிடுங்கள்.